பாஜியோவை அணைத்துக்கொண்ட அந்த மனிதர்: ஜிஜி ரீவா

இத்தாலி தேசிய கால்பந்து அணிக்காக அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் பாஜியோவுக்கும் தெல் பியரோவுக்கும் மேலே ஜிஜி ரீவா என்று ஒரு பெயர் இருக்கிறதே, அவர் யார், அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால் யுவெண்டஸ், மிலான் மாதிரி கிளப்புகளில் ஏன் ஆடவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் அவரை ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். 1994 உலகக் கோப்பை அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக ரொபெர்த்தோ பாஜியோ இரண்டு கோல் அடித்தார். தொடையில் அடிபட்டுப் பாதியிலேயே வெளியேறினார். ஆட்டம் முடிந்ததும் இறுதிப் போட்டியில் ஆட முடியுமோ முடியாதோ என்ற பயத்தில் ஒரு பெரியவரின் தோளில் முகம் புதைத்து அழுதார். அந்தப் பெரியவர்தான் ரீவா. அப்போது அவர் தேசிய அணியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். இத்தாலிக்குத் தன்னைவிடக் குறைவாகக் கோல் அடிக்கப்போகிற, ஆனால் தன்னைவிட உலகப் புகழ் பெறப்போகிற ஒருவரை அவர் அப்படித் தாங்கிப் பிடித்திருந்தார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 42 ஆட்டங்கள், 35 கோல்கள். அவருக்குக் கீழே மெயாட்சா 33, பியோலா 30, பாஜியோவும் தெல் பியரோவும் தலா 27. ரீவாவின் 35ஆவது கோல் 1973 அக்டோபரில் ரோமில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக விழுந்தது. அதற்குப் பிறகு இத்தாலி இரண்டு உலகக் கோப்பைகளையும் ஒரு யூரோ கோப்பையையும் வென்றுவிட்டது, அந்த எண்ணை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. சைப்ரஸ், லக்ஸம்பர்க் போன்ற சின்ன அணிகளுக்கு எதிராகக் குவித்த கோல்களும் அதில் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி, யுகோஸ்லாவியா, பிரேசில் எல்லாருக்கும் எதிராக அடித்ததும் அதே 35க்குள்தான் வருகிறது. அதுவும் இத்தாலியில் தடுப்பாட்டம்தான் மதம் என்று இருந்த காலத்தில்.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஏன் பெரிய கிளப்புக்குப் போகவில்லை என்பது. அதற்குப் பதில் சொல்ல அவருடைய சிறு வயதிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் அந்த முடிவு வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

ரீவா 1944 நவம்பர் 7 அன்று வட இத்தாலியில், மாஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள லெஜ்ஜூனோ என்ற சிற்றூரில் பிறந்தார். 1953இல் அப்பா தொழிற்சாலை விபத்தில் இறந்துபோனார். இயந்திரத்திலிருந்து தெறித்த இரும்புத் துண்டு அவர் உடலைத் துளைத்துவிட்டது. பையனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டிய நிலை, அதனால் அவனை மதநிறுவனம் நடத்திய ஓர் ஏழைப் பிள்ளைகள் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே உதவி செய்கிற பணக்காரர்களுக்காக ஜெபம் சொன்னால்தான் சாப்பாடு என்ற மாதிரியான நடைமுறை. அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை, பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விடுதியிலிருந்து ஓடிப்போகவும் முயன்றார். பிறகு ஒரு சகோதரியும் இறந்துபோனாள். பதின்ம வயதிலேயே அம்மாவும் போய்விட்டார். மிச்சம் இருந்தது அக்கா ஃபவுஸ்தா. அவர்தான் தாயாக நின்று வளர்த்தார்.

ரீவாவின் பழைய படங்களைப் பார்த்தால், கோல் அடித்த பிறகும் முகத்தில் ஒரு இறுக்கம் இருக்கும். சிரிக்கத் தெரியாதவர் என்று சில பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். இந்தக் கதை தெரிந்தவர்களுக்கு அந்த முகத்தில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

1962இல் மூன்றாம் நிலை லீகில் இருந்த லெனியானோ அணிக்கு ஆடத் தொடங்கினார். ஒரே சீசன். 1963இல் ரோமில் ஓர் இளையோர் சர்வதேச ஆட்டத்தில் ஆடியபோது காலியாரி கிளப் அவரை வளைத்துப்போட்டது. காலியாரி சார்தீனியா தீவின் தலைநகர். அன்று அந்த அணி இரண்டாம் நிலை லீகான செரி பியில் இருந்தது.

சார்தீனியா என்றால் இன்று மரகதப் பச்சைக் கடலும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 1963இல் அப்படியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி தெளித்துத்தான் மலேரியாவையே அங்கிருந்து விரட்டியிருந்தார்கள். உள்மலைப் பகுதிகளில் ஆள்கடத்தலும் கொள்ளையும் பத்திரிகைகளின் அன்றாடச் செய்தி. அரசு ஊழியரையோ சிப்பாயையோ தண்டிக்க வேண்டுமென்றால் சார்தீனியாவுக்கு மாற்றுவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஊர் இளைஞர்கள் பிழைப்புக்காக டூரின், மிலான், ஜெர்மனி, பெல்ஜியம் சுரங்கம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுப் பையன் அங்கே போக விரும்பவில்லை. ஒரு வருடம் ஆடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனார்.

போனவர் திரும்பவே இல்லை. சாகும்வரை அங்கேயே இருந்தார்.

என்ன நடந்தது? பெரிய மாயம் எதுவும் இல்லை. அங்கே மீனவர்களோடும் ஆட்டிடையர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் அவரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. அதிகம் பேசாத ஆள், அதிகம் பேசாத மக்களிடம் போய்ச் சேர்ந்தார். வீடு வீடாகக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள், அதற்கு ஜெபம் சொல்லச் சொல்லவில்லை. குடும்பத்தை இழந்தவருக்கு அங்கே குடும்பம் கிடைத்தது. எல்லா ஊரும் எல்லா அணியும் அவரை இப்படி வைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவர் வந்த முதல் சீசனிலேயே காலியாரி வரலாற்றில் முதன்முறையாக முதல் நிலை லீகான செரி ஏவுக்கு உயர்ந்தது. 1965 ஜூனில் புடாபெஸ்டில் ஹங்கேரிக்கு எதிராக ரீவா தேசிய அணியில் அறிமுகமானார். காலியாரியிலிருந்து இத்தாலிக்கு ஆடிய முதல் ஆள் அவர்.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். 11ஆம் எண் சட்டை, இடப்பக்கம். வலக்கால் அவருக்கு நிற்பதற்கு மட்டும்தான் என்று கிண்டல் செய்வார்கள். எல்லாம் இடக்கால். இடக்கால் ஆட்டக்காரர் என்று எல்லாத் தடுப்பாட்டக்காரருக்கும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்றும் தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. காரணம் உதையின் வேகம். 1970இல் ரோமில் பயிற்சி நடந்தபோது கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சிறுவன் மேல் அவர் அடித்த பந்து பட்டுக் கை உடைந்துபோனது. அவ்வளவு வேகம். ஆனால் அவரை வெறும் பீரங்கி என்று நினைத்துவிடக் கூடாது. தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், அதிலும் தரையை ஒட்டிப் பாய்ந்து முட்டுவது அவருடைய தனி வித்தை. 1969 நவம்பரில் நேப்பிள்ஸில் கிழக்கு ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் வலப்பக்கமிருந்து சக ஆட்டக்காரர் தொமெங்கீனி அனுப்பிய பந்தைப் பாருங்கள். பந்து முழங்கால் உயரத்தில்தான் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் காலை நீட்டியிருப்பார்கள். ரீவா முழு உடம்பையும் கிடையாகத் தூக்கி எறிந்து நெற்றியால் அடிக்கிறார். அந்தத் தகுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களில் அவர் மட்டும் 7 கோல்.

சரி, இப்போது 1969–70 சீசனுக்கு வருவோம். ரீவாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

காலியாரியின் பயிற்சியாளர் மான்லியோ ஸ்கொபீன்யோ. தத்துவஞானி என்பது அவருக்குப் பட்டப்பெயர். கட்டுப்பாடு, கூச்சல் எதுவும் கிடையாது. ஒருமுறை ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்கள் ஓர் அறையில் கூடிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க சிகரெட் புகை. ரீவாவும் ஓயாமல் புகைப்பவர். கதவைத் திறந்து ஸ்கொபீன்யோ வந்து நின்றார். எல்லாரும் வெலவெலத்துப்போனார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் புகைத்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்று கேட்டாராம். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து தூங்கப் போய்விட்டார்கள். மறுநாள் ஜெயித்தார்கள். அந்த அணியில் இருந்த பலரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது.

சீசனுக்கு முந்தைய கோடையில் கிளப் ஒரு நல்ல வியாபாரம் செய்தது. போனின்சேன்யாவை இன்டர் மிலானுக்குக் கொடுத்து, தொமெங்கீனி, கோரி, போலி என்று மூன்று பேரை வாங்கியது. கோல்கீப்பர் அல்பெர்தோசி. நடுவில் சேரா, பிரேசில்காரர் நெனே, கிரேயாத்தி. முன்னால் ரீவா. 30 ஆட்டங்களில் இந்த அணி வாங்கிய கோல் மொத்தமே 11. தோற்றது இரண்டே ஆட்டம். அதுவும் சீசனின் பெரும்பகுதியில் ஸ்கொபீன்யோ பெஞ்சிலேயே இல்லை. பலெர்மோவில் லைன்ஸ்மேனிடம் வாய் விட்டதற்காக ஐந்து மாதத் தடை வாங்கியிருந்தார்.

பட்டத்தை உண்மையில் தீர்மானித்தது 1970 மார்ச் 15 அன்று டூரினில் நடந்த ஆட்டம். எதிரே யுவெண்டஸ், துரத்திக்கொண்டு வருகிற அணி. காலியாரியின் நிக்கோலாய் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டார் (பாவம், நல்ல தடுப்பாட்டக்காரர்தான், ஆனால் இந்த மாதிரி சொந்த கோல்களுக்காகவே பேர் வாங்கிவிட்டார்). ரீவா தலையால் முட்டிச் சமன் செய்தார். பிறகு யுவெண்டஸுக்கு ஒரு பெனால்ட்டி. அல்பெர்தோசி பிடித்துவிட்டார். நடுவர் கொன்சேத்தோ லோ பெல்லோ மறுபடியும் அடிக்கச் சொன்னார். இந்த முறை அனஸ்தாசி கோல் அடித்தார். அல்பெர்தோசி அழுதேவிட்டார். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் என்கிற நேரத்தில் காலியாரிக்கும் ஒரு பெனால்ட்டி கிடைத்தது. ரீவா அடித்தார், 2-2. நான் இதைத் தவறவிட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர் லோ பெல்லோவிடம் கேட்டதாகவும், மறுபடி அடிக்கச் சொல்லியிருப்பேன் என்று நடுவர் சொன்னதாகவும் ரீவாவே பிற்காலத்தில் சொன்னார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. காலியாரி வடக்கே ஆடப் போகும்போதெல்லாம், அங்கே பிழைக்கப் போன சார்தீனியர்கள் தூர தூர ஊர்களிலிருந்தெல்லாம் வந்து ஸ்டேடியத்தில் நிற்பார்கள். வாரம் முழுக்க ஃபியட் ஆலையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆட்கள். உள்ளூர் ரசிகர்கள் காலியாரி அணியைப் பார்த்துக் கொள்ளைக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் என்று கத்துவார்கள். வடக்கே பிறந்த ரீவாவும் அந்த வசவைச் சேர்ந்தே வாங்கினார். அது தனக்குள் கோபத்தை ஏற்றியது என்றும், அந்த மக்களுக்காக ஆடுகிறோம் என்ற எண்ணம் அங்கேதான் வேர் விட்டது என்றும் அவர் சொன்னதை நான் முழுதாக நம்புகிறேன். ஊரைப் பற்றி நல்லதாகப் பேசுவது எளிது. ஊருக்கு விழும் வசவைச் சேர்ந்து வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 12 அன்று ஆம்சிகோரா ஸ்டேடியத்தில் பாரி அணியை 2-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர்கள் ரீவாவும் கோரியும். அதே நாளில் யுவெண்டஸ் லாத்சியோவிடம் தோற்றது, பட்டம் உறுதியானது. ஆம்சிகோரா என்பது ரோமானியர்களை எதிர்த்து எழுந்த பழைய சார்தீனியத் தலைவனின் பெயர். அந்தப் பெயருள்ள சின்ன மைதானத்தில் தென்பகுதிக்கான முதல் சாம்பியன் பட்டம் வந்தது. ரீவா 21 கோலுடன் அந்த ஆண்டும் லீகின் முதல் கோலடிப்பாளர். 1967, 1969, 1970 என்று மூன்று முறை அந்தப் பெருமை அவருக்குக் கிடைத்தது. காலியாரி அதற்கு முன்பும் பின்பும் செரி ஏ பட்டத்தை வென்றதில்லை.

அந்தக் கோடையில் மெக்சிகோவில் உலகக் கோப்பை. இத்தாலி அணியில் காலியாரி ஆட்கள் ஆறு பேர். முதல் சுற்றில் ரீவா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக இரண்டு. அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் 104ஆவது நிமிடத்தில், பெனால்ட்டி பகுதியின் விளிம்பில் பந்தை வாங்கி, ஒருவரை ஏமாற்றி இடக்காலால் தாழ்வாகத் தூரத்து மூலைக்கு உருட்டினார், 3-2. ஆஸ்டெக் ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஆட்டம் 4-3 என்று இத்தாலிக்கு முடிந்தது. இறுதியில் பெலேவின் பிரேசில் 4-1 என்று நொறுக்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இத்தாலி களைத்துப்போயிருந்தது.

அப்புறம் கால்கள். ரீவாவின் இரண்டு கால்களும் இத்தாலி சட்டையில்தான் உடைந்தன. 1967 மார்ச்சில் ரோமில் போர்ச்சுகலுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கோல்கீப்பரோடு மோதி இடக்கால். மீண்டு வந்து 1968 யூரோ இறுதிப் போட்டியின் மறு ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக 12ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தார், இத்தாலி கோப்பையை வென்றது. 1970 அக்டோபர் 31 அன்று வியன்னாவில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பின்னாலிருந்து வந்த உதையில் வலக்கால் போனது. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால்தான் மிலானின் சான் சீரோ மைதானத்தில் இன்டர் மிலானை 3-1 என்று அடித்திருந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பத்திரிகையாளர் ஜானி பிரேரா அவருக்கு ரொம்போ தி துவோனோ, அதாவது இடிமுழக்கம், என்று பெயர் வைத்தார். ரீவா என்றால் இத்தாலியர் வாயில் இன்றும் வருகிற பெயர் அது. அந்த வாரம் காலியாரி செரி ஏவில் மறுபடி முன்னணியில் இருந்தது. ஐரோப்பியக் கோப்பையில் அத்லெதிகோ மாட்ரிட்டை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றும் இருந்தது. ரீவா இல்லாத மறு ஆட்டத்தில் 3-0 தோல்வி. காலியாரியின் பொற்காலம் வியன்னாவில் அந்த ஒரு உதையோடு முடிந்துபோனது என்றே சொல்லலாம்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். யுவெண்டஸ் கேட்டது, ஒரு முறை இல்லை, பல முறை. மிலானும் இன்டரும் கேட்டன. 1973 வாக்கில் யுவெண்டஸ் வைத்த தொகை அன்றைக்குக் கேள்விப்படாத அளவு. பணத்தோடு ஆட்டக்காரர்களையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கிளப்புக்கும் பணம் தேவைதான். ரீவா முடியாது என்று சொல்லிவிட்டார். போயிருந்தால் அவர் பெயரில் இன்னும் நாலைந்து பட்டங்கள் இருந்திருக்கும். எழுபதுகளில் யுவெண்டஸ் வென்றதை எண்ணிப் பாருங்கள். அவர் அதற்காக வருந்தியதாக எங்கும் சொன்னதில்லை. நான் இதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். விடுதியில் வளர்ந்த பையனுக்கு ஒரு வீடு கிடைத்தது, அதை விற்க அவனுக்கு மனம் வரவில்லை.

1974 உலகக் கோப்பை அவருக்கு நன்றாக அமையவில்லை, அதுவே தேசிய அணிக்கு அவர் கடைசியாக ஆடியதும். 1976 பிப்ரவரி 1 அன்று மிலானுக்கு எதிராக ஆடும்போது வலத்தொடையின் தசைநாண் கிழிந்தது. 31 வயது. திரும்பி வர எவ்வளவோ முயன்றார், நடக்கவில்லை. அந்த சீசனிலேயே காலியாரி செரி பிக்கு இறங்கியது. செரி ஏவில் 289 ஆட்டங்கள், 156 கோல்கள், அத்தனையும் ஒரே சட்டையில்.

ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம் கிளப்பின் தலைவராக இருந்தார். பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2013 வரை, தேசிய அணியோடு பயணம் செய்தார். 2006இல் உலகக் கோப்பையை வென்று ரோமில் ஊர்வலம் போனபோது, நேற்றுவரை அணியைத் திட்டியவர்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறிக்கொண்டதைப் பார்த்து இறங்கிப் போய்விட்டார். பாடகர் ஃபாப்ரிசியோ தெ ஆந்த்ரேயின் தீவிர ரசிகர். ஒருமுறை ஜெனோவாவில் அவர் வீட்டுக்கே போனார். இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். கிளம்பும்போது ரீவா தன் 11ஆம் எண் சட்டையைக் கொடுத்தார், தெ ஆந்த்ரே ஒரு கிதாரைக் கொடுத்தார். அந்த 11ஆம் எண்ணை 2005இலிருந்து காலியாரியில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

2024 ஜனவரி 22 அன்று காலியாரியில் இதய நோயால் இறந்தார், வயது 79. அன்றிரவு ரியாத்தில் நடந்த இத்தாலிய சூப்பர் கோப்பை இறுதியில் அவருக்காக மௌனம் அனுசரித்தபோது கூட்டத்தில் பலர் விசில் அடித்தார்கள். எனக்கு அது மனதை அறுத்தது. அவர் யாரென்றே தெரியாத ஊரில் கொண்டுபோய் அந்த ஆட்டத்தை வைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து காலியாரியில் போனாரியா பேராலயத்தின் முன்னால் முப்பதாயிரம் பேர் நின்றார்கள். அதே ஊர் மண்ணில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் ஆடியதைப் பார்க்க ஆசை என்றால், 1970 ஜனவரி 18 அன்று விச்சென்சா அணிக்கு எதிராக அடித்த கோலில் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படம், தெளிவும் குறைவு. பந்து வலப்பக்கமிருந்து உயர்ந்து வருகிறது, ரீவாவுக்குப் பின்னால் கோல் இருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. முதுகு தரைக்கு இணையாகக் காற்றில் கிடக்க, இடக்கால் தலைக்கு மேலே போகிறது. கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் வலை அசைந்துவிடுகிறது.